முப்பத்தொரு ஜோடிகள்

சமூகவியல் துறையில் என் பெயரை நாலு பேர் அறியச் செய்த முதல் கண்டுபிடிப்பு முழுக்க முழுக்கத் தப்பு. இதை நான் ஒளிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கள ஆய்வு வகுப்பின் முதல் நாளிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மூத்த மாணவர்கள் கேன்டீனில் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கதையில் நான் இன்னும் பெரிய முட்டாளாக வருவேன்.

முனைவர் பட்டத்துக்காக மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் கணவன் மனைவி உறவு எப்படி இருக்கிறது என்பது தலைப்பு. நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானில். அப்பா, அம்மா இருவரும் அரசாங்க உத்தியோகம். தோட்டம் என்றால் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்ததோடு சரி. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். ஆகவே ‘மொழி ஒரு தடையாக இருக்காது’ என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வரியை இன்று படித்தாலும் காது சூடாகிறது.

பிரிஞ்சாங் டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடையின் மாடியில் அறை கிடைத்தது. கடைக்கார அண்ணனுக்கு ராமநாதபுரம் பக்கம் பூர்வீகம். அவருக்கு என் வேலை என்ன என்பது கடைசிவரை பிடிபடவில்லை. “ஊர்க்கதை கேக்கறதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?” என்று முதல் வாரம் கேட்டார். உதவித்தொகை என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, தன் மாமியாருக்கும் அப்படி ஒன்றை வாங்கித் தர முடியுமா என்று விசாரித்தார்.

காலை ஆறு மணிக்கு என் பழைய காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றி வரும் லோரி ஒன்று எப்படியும் முன்னால் மாட்டும். அதன் பின்னால் உருண்டு உருண்டு போய்ச் சேரும்போது பெரட்டு முடிந்திருக்கும். காலையில் மேற்பார்வை செய்யும் கங்காணி ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, பெயர் வாசித்து, வேலை பிரித்துக் கொடுப்பதற்குத்தான் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். எல்லாரும் மலையேறிய பிறகு வந்து சேர்வது என் வழக்கமாகிவிட்டது. அந்தச் சோம்பல்தான் என் வினை. ஒரே ஒரு நாள் நேரத்தோடு போய் நின்றிருந்தால், இந்தக் கதையே நடந்திருக்காது.

ஆட்களைப் பத்து மணித் தேநீர் நேரத்தில் பிடிப்பேன். நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, அவர்களாகப் பேச வேண்டும் என்பது நான் வகுப்பில் படித்த பாடம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கல்யாணம் ஆயிற்றா, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று எவரிடமும் கேட்காமல் காத்திருந்தேன். என் பொறுமைக்குப் பரிசு போல இரண்டாம் வாரமே ஒரு சொல் வந்து விழுந்தது.

சொன்னவர் ஓர் உயரமான அக்கா. ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, கையில் முழங்கைவரை உறை. “என் ஜோடி இருக்கே, அது மாதிரி ஒண்ணு கெடைக்காது டீச்சர். பதினோரு வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசாது” என்றார். கணவன் பெயரைச் சொல்லாத பெண்களை எனக்குத் தெரியும். என் அத்தையே ‘அவங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். இங்கே கணவனை ‘ஜோடி’ என்கிறார்கள், ‘அது’ என்று பிரியமாகச் சொல்கிறார்கள் என்று புல்லரித்துப் போய்க் குறிப்பேட்டில் எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

அதன் பிறகு காதில் விழுந்ததெல்லாம் ஜோடிதான். ஒருவர் தன் ஜோடி காலையில் வாயே திறக்காது என்றார். இன்னொருவர் ஜோடி சரியில்லை, மாற்றித் தரச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டிருக்கிறேன் என்றார். மணமுறிவுக்குக் கங்காணியிடம் விண்ணப்பிக்கும் மரபு இன்னும் இருக்கிறதா என்று அதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். ஓர் ஆள் இந்த ஆண்டில் தனக்கு மூன்றாவது ஜோடி இது என்றபோது என் முகம் போன போக்கைப் பார்த்து, உடம்பு சரியில்லையா டீச்சர் என்று விசாரித்தார். சிலர் ‘வீட்டுக்காரர்’ என்றும் சொன்னார்கள். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்: வெளியாளிடம் மரியாதைக்கு ‘வீட்டுக்காரர்’, மனம்விட்டுப் பேசும்போது ‘ஜோடி’. எதைக் கொண்டுவந்து போட்டாலும் என் கொள்கை விழுங்கிவிட்டது.

நான்கு மாதத்தில் முப்பத்தொரு படிவங்கள் நிரப்பிவிட்டேன். மாடி அறையிலிருந்தபடி துறையின் இணையவழிக் கருத்தரங்கில் பேசினேன். கீழே தே தாரிக் ஆற்றும் சத்தம், மேலே நான். பெண்கள் கணவனின் பெயரைத் தவிர்க்கும் பழக்கத்திலிருந்து சமத்துவம் தொனிக்கும் ஒரு சொல் பிறந்த அற்புதத்தை இருபது நிமிடம் விளக்கினேன். பாராட்டு குவிந்தது. என் பேராசிரியை உடனே கட்டுரையாக்கச் சொன்னார். அன்று மாலை அண்ணன் கடையில் ஒரு முழு நாட்டுக்கோழி வறுவலை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டேன்.

மறு வாரம் அந்த உயரமான அக்கா அழுதார்.

பத்து மணித் தேநீர்தான். எப்போதும் போல் அவர் பக்கத்தில் ஒரு குட்டையான அக்கா உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். இவரை நான் தினமும் பார்ப்பேன். பேச மாட்டார். உயரமான அக்கா தன் ஜோடியைப் புகழும்போதெல்லாம் சிரித்துக்கொள்வார். தோழியின் கணவனை மெச்சுகிறார் என்று நினைத்து, அதையும் எழுதி வைத்திருந்தேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

“வர்ற திங்கள்லேருந்து எங்கள பிரிக்கப் போறாங்க டீச்சர். பதினோரு வருஷத்து ஜோடி. தொர சொல்லிட்டாராம். நாங்க யாருகிட்ட போயி கேக்கறது?” என்று சொல்லிவிட்டு, உயரமான அக்கா உறை போட்ட கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். கணவனை வேறு பிரிவுக்கு அனுப்பிக் குடும்பத்தைப் பிரிக்கப் போகிறார்கள் என்று முடிவுகட்டி, தேநீரைக் கீழே வைத்துவிட்டு, நேரே நிர்வாகி அலுவலகத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் இன்னும் துரை என்றழைக்கும் அந்த நிர்வாகி, விவசாயம் படித்த ஒரு தமிழர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், டீ சட்டையும் சப்பாத்துமாக இருப்பவர். அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே உயரமான அக்காவின் கண்ணீர், குடும்ப உரிமை, மனிதத் தன்மை, இத்தனை ஆண்டுகள் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்தவர்களைக் கத்திரியால் வெட்டுவது போல் வெட்டும் நிர்வாகம் என்று பேச்சுப் போட்டித் தமிழில் பொழிந்து தள்ளினேன். அலுவலகக் கணக்கெழுதும் கிராணி தன் கணினியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது துரை மெதுவாகச் சொன்னார்.

“மேடம், அந்த அக்காவோட வீட்டுக்காரர் தவறிப்போயி எட்டு வருஷம் ஆச்சு. நான் மாத்தறது மெஷின் ஜோடிய.”

பிறகு அவரே என்னை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். எதிர் மலையில் தேயிலை வரிசையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒருவராக நின்று, நடுவே செடியின் தலைக்கு மேலாக ஒரு வெட்டு மெஷினைப் பிடித்துக்கொண்டு இருவர் இருவராக நடந்துகொண்டிருந்தார்கள். வெட்டிய கொழுந்து பின்னால் நீண்ட பைக்குள் போய் விழுந்தது. நான்கு மாதமாக நான் தினமும் பார்த்த காட்சிதான். அப்படிச் சேர்ந்து நடக்கும் இருவரை என்னவென்று அழைப்பார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. உயரமான அக்காவின் ஜோடி, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. துரை சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். கிராணிதான் எழுந்து வெளியே போனார். கதவுக்கு அப்பால் அவர் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

ஆனால் துரை என்னை அனுப்பிவிடவில்லை. தன் பக்க நியாயத்தைச் சொன்னார். நேப்பாளத்திலிருந்தும் லோம்போக்கிலிருந்தும் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். புதியவர் இருவரைச் சேர்த்து விட்டால் செடியைக் குதறிவிடுகிறார்கள். ஆகவே பழைய ஜோடிகளைப் பிரித்து, பழையவர் ஒருவருக்குப் புதியவர் ஒருவர் என்று போடப்போகிறார். இதில் யாருக்கும் கெடுதல் இல்லையே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அக்கா அழுதாரே என்றேன். அழும் அளவுக்கு என்ன என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நாளைக்கு இருவரையும் வரச் சொல்லுங்கள், கேட்போம் என்றார்.

அன்று அண்ணன் கடையில் நடந்ததைச் சொல்லித் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவருக்கு ஜோடி என்றால் என்னவென்று முதலிலிருந்தே தெரியுமாம். நான் கணவன் மனைவி என்று கதை கதையாய் அளந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “படிச்ச புள்ள, உள்ளுக்குள்ள வேற அர்த்தம் வச்சுப் பேசுதுன்னு நெனச்சேன்லா” என்றார். பேராசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, எத்தனை படிவம் கெட்டுப்போயிற்று என்று மட்டும் கேட்டார். முப்பத்தொன்று என்றேன். முப்பத்தொரு பேரிடமும் மறுபடி போ, போய் முதலில் மன்னிப்புக் கேள் என்றார்.

மறுநாள் அக்காமார் இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். தலைத்துண்டை அவிழ்த்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை வாய் திறப்பதில்லை என்று சபதம்.

உயரமான அக்கா மலையைக் காட்டித் தொடங்கினார். வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே ஓடுகின்றன. ஒருவர் மேல்பக்கமும் ஒருவர் கீழ்ப்பக்கமும் நடக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரைச் சேர்த்தால் மேலே இருப்பவர் குனிந்தே சாக வேண்டும், கீழே இருப்பவர் தோளை உயர்த்தியே சாக வேண்டும். தான் உயரம், கீழே நடப்பவள். இவள் குட்டை, மேலே நடப்பவள். மெஷின் தண்ணீர் மட்டம் போல நிற்கும். திரும்பி வரும்போது மேட்டுப்பக்கம் மறுகைக்கு வந்தால் தாங்களும் மாறிக்கொள்வார்கள், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கங்காணியோ சம உயரமாகப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். இவர்கள் இருவரும் மற்றவர்களெல்லாம் ஜோடி சேர்ந்த பிறகு மிச்சமாய் நின்றவர்கள், அதனால்தான் ஒன்று சேர்ந்தார்கள். மலை தங்களுக்கு நல்லது செய்துவிட்டது என்று சொல்லி அவர் சிரித்தார்.

துரை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் புது ஆட்களை என்ன செய்வது என்று கேட்டார். உயரமான அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

“வீட்டுக்காரரு போனப்ப எல்லாரும் வந்தாங்க, போனாங்க. இவ மறுநாளு காட்டுல மெஷின தூக்கிட்டு வந்து நின்னா. ஒண்ணும் பேசல. பிடின்னா. அன்னைலேருந்து இந்த மலையில இவ இல்லாம எனக்கு நடக்கத் தெரியாதுங்க தொர.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் குட்டையான அக்காவின் குரலை முதல்முறையாகக் கேட்டேன். கணீரென்று இருந்தது.

“புது ஆளுக்கு எடுத்தவொடனே கைப்பிடிய குடுத்தா செடிதான் சாவும். அந்தப் பைய தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்க பின்னாடி வரட்டும். பை தரையில இழுத்து இழுத்து கிழியறது நிக்கும். எங்க கால பாத்து ரெண்டு மாசம் நடந்தா, தானா வந்துரும். அப்புறம் புது ஆளுங்களே ரெண்டு பேரா சேந்துக்கட்டும்.”

துரை தன் தாளில் ஏதோ எழுதினார். யோசிக்கிறேன், திங்கட்கிழமை பெரட்டில் தெரியும் என்றார். வெளியே வந்ததும் உயரமான அக்கா, இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று ஜோடியை ஏசினார். அது வழக்கம்போலச் சிரித்தது.

திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அதற்குள் என் அசட்டுத்தனம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பரவிவிட்டது. உபயம், கிராணி. படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் போனால், ஒவ்வொரு வாசலிலும் எனக்கென்று ஒரு நாடகம் தயாராக இருந்தது. ஒருவர் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, இது பெண்டாட்டி, நன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மூன்று ஜோடி மாற்றிய ஆளின் மனைவி, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினால்தான் காப்பி தருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. அன்றுவரை வேலியோரத்தில் நின்று பேசியவள், அந்த நான்கு நாளில் முப்பத்தொரு அடுப்பங்கரையிலும் உட்கார்ந்தேன். உயரமான அக்காவின் வீட்டில் மாலை போட்ட ஒரு படமும் அதன் கீழே அணையாத விளக்கும் இருந்தன. முன்பே ஒரு முறை இந்த வாசலைத் தாண்டியிருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும்.

என் முனைவர் பட்டம் கடைசியில் கணவன் மனைவி பற்றியதாக இல்லை. ஒரே மெஷினின் இரு பக்கம் நடப்பவர்களைப் பற்றியதானது. வேலை கிடைத்து, விரிவுரையாளராகி, பிறகு திரிங்காப் பக்கத்துப் பூந்தோட்டங்களிலும் பேராக்கின் மீனவர் கிராமங்களிலும் ஆராயப் போனபோதும், எந்த ஊரிலும் நான் முதலில் கேட்பது, இன்றைக்கு யாரோடு வேலை செய்தீர்கள் என்பதுதான். ஊர்ச்சமூகம் என்று நாங்கள் புத்தகத்தில் எழுதுவதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாகத் துறையில் நினைக்கிறார்கள். நானும் அவ்வளவாக மறுப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான்கரை மணிக்கே எழுந்துவிட்டேன். லோரிகள் கிளம்புவதற்கு முன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல்முறையாகப் பெரட்டைப் பார்த்தேன். பனி இன்னும் கலையவில்லை. கங்காணி விளக்குக் கம்பத்தடியில் நின்று தாளைப் பார்த்து வாசித்தார். பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர். பெயர் வந்தவர்கள் நகர்ந்துபோய்த் தங்கள் புது ஜோடியின் பக்கத்தில் நின்றார்கள். ஒவ்வொரு மெஷினும் அப்படியே போனது. துரை யோசிக்கவே இல்லை என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை.

உயரமான அக்காவின் பெயர் வந்தது. அடுத்து ஒரு நேப்பாளிப் பெயர் வந்தது. முன் வாரம்தான் வந்து சேர்ந்த ஆள், முப்பது வயதிருக்கும், குளிருக்குப் பழகியவன் என்பதால் அரைக்கைச் சட்டையோடு நின்றான். உயரமான அக்கா தலையை ஆட்டிவிட்டு அவன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். ஜோடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கங்காணி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “நில்லுங்க, முடியல. இந்த மெஷினுக்கு மட்டும் மூணு ஆளு. அவன் பை பிடிக்க.” பிறகு குட்டையான அக்காவின் பெயரை வாசித்தார். இது சரிப்பட்டால் அடுத்த மாதம் மற்ற மெஷின்களுக்கும் இதே ஏற்பாடுதான், துரை சொல்லச் சொன்னார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

யாரும் கை தட்டவில்லை. பெரட்டில் அதெல்லாம் வழக்கமில்லை. குட்டையான அக்கா இருந்த இடத்திலேயே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்தது அழுகைதான், மறைக்காமல் அழுதேன். நேப்பாளி ஆள் என்ன நடக்கிறதென்று புரியாமல் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். கங்காணி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

உயரமான அக்கா போய் மெஷினின் ஒரு பக்கக் கைப்பிடியைத் தூக்கினார். மறுபக்கம் தரையிலேயே கிடந்தது.

“எந்திரி, நேரமாச்சு” என்றார்.